குனிதலும் நிமிர்தலும்

நாள் முழுவதும் பாடுபட்ட ஒருவரை, 'இன்று வேலை எப்படி?' என்று கேட்டுப் பாருங்கள். 'இடுப்பொடிய வேலை செய்தேன்' என்பார். கை ஓய்ந்தது என்றோ கால் ஓய்ந்தது என்றோ கூறாமல் இடுப்பு ஒடிந்தது என்று கூறுவது நம் மக்களின் வழக்கு. அஞ்சாமல் நிற்பவனை முதுகெலும்பு உள்ளவன் என்கிறோம். உழவுத் தொழிலை நாட்டின் முதுகெலும்பு என்கிறோம். உழைப்பின் சுமை உடலில் எங்கே சென்று தங்குகிறது என்பதை மருத்துவர் கருவி கொண்டு அளந்து கூறுவதற்கு முன்பே, மக்கள் தம் பட்டறிவால் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே சான்று.

அவர்கள் அறிந்தது உண்மையே. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2020-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 62 கோடி மக்கள் கீழ்முதுகு வலியால் வருந்தினர். மனிதரை அன்றாட வேலை செய்யவொட்டாமல் முடக்கும் நோய்களுள் உலகெங்கும் முதலிடம் பெற்றிருப்பது இதுவே. இவ்வலிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் நம் கண் முன்னே நாள்தோறும் நிகழ்வதும், நாம் முயன்றால் மாற்றக்கூடியதும் ஒன்று உண்டு. அது நாம் குனியும் முறையும் பொருள்களைத் தூக்கும் முறையும் ஆகும்.

விடியற்காலையில் ஒரு வீட்டைக் காண்போம். பொழுது இன்னும் புலரவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நேரம் சிறிது. ஆதலால் அவ்வீட்டுத் தாய் எழுந்தவுடன் குனிந்து வாசலைப் பெருக்குகிறாள். குனிந்து நீர் தெளிக்கிறாள். குனிந்தபடியே கோலம் இடுகிறாள். பிறகு குடங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு விரைகிறாள். ஐந்து குடங்களைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. ஆறாவது குடத்தைத் தூக்குவதற்குக் குனிந்தவள், 'அம்மா!' என்று அலறி அங்கேயே அமர்ந்துவிடுகிறாள். நிமிர இயலவில்லை. வீட்டார் ஓடிவந்து அவளைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்கின்றனர். 'வாயுப் பிடிப்பாக இருக்கும்' என்கிறாள் பாட்டி. 'நேற்றுவரை தூக்கிய அதே குடந்தானே! இன்று மட்டும் என்ன வந்தது?' என்று வியக்கிறார் தந்தை.

தந்தையின் வினா நல்ல வினா. அதற்கு விடை காண வேண்டுமானால், முதுகின் அமைப்பை நாம் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

முதுகெலும்பு என்று ஒருமையில் கூறினாலும் அது ஒரே எலும்பு அன்று. பிறக்கும்போது பொதுவாக 33 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 என்பது அவற்றின் கணக்கு. இடுப்பிற்குக் கீழே உள்ள 5 எலும்புகள் வளர்ந்தோரிடம் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. எஞ்சிய சிறு எலும்புகள் வாலெலும்பாக அமைகின்றன. இவ்வடுக்கைப் பக்கவாட்டில் நோக்கினால் நேர்கோடாக இராது. கழுத்தில் முன்னோக்கியும், மார்பில் பின்னோக்கியும், இடுப்பில் மீண்டும் முன்னோக்கியும் மெல்ல வளைந்திருக்கும். குழந்தை தலையைத் தூக்கப் பழகும்போது கழுத்தின் வளைவும், எழுந்து நின்று நடக்கப் பழகும்போது இடுப்பின் வளைவும் நன்கு அமைகின்றன. நிமிர்ந்து நடப்பதற்காக மனித உடல் தேடிக்கொண்ட வடிவம் இது.

எலும்பும் எலும்பும் உராயாதபடி அவற்றிடையே மெத்தைகள் போன்ற தட்டுகள் 23 உள்ளன. அவற்றை இடைத்தட்டுகள் என்பர். நுங்கை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். இடைத்தட்டின் நடுப்பகுதி நுங்கின் சதைபோல நீர் நிறைந்து மெத்தென்று இருக்கும். அதனைச் சுற்றிலும், நாரை நெருக்கமாக முடைந்தாற்போன்ற உறுதியான வளையங்கள் பல இருக்கின்றன. நாம் நடக்கும்போதும் குதிக்கும்போதும் உண்டாகும் அதிர்ச்சியை இத்தட்டுகள் தாங்கிக்கொள்கின்றன. பகலில் உடலின் பாரத்தால் இவற்றிலிருந்து நீர் சிறிது வெளியேறுகிறது. இரவில் படுத்து உறங்கும்போது அது மீண்டும் ஊறுகிறது. அதனால்தான் மாலையில் இருப்பதைவிடக் காலையில் நாம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நீர் ஊறிப் பருத்திருக்கும் தட்டுகள், அந்நேரத்தில் ஆழக் குனிந்தால் மிகுந்த இறுக்கத்திற்கு உள்ளாகின்றன. நாம் கண்ட தாய், எழுந்த சிறிது நேரத்திற்குள் எத்தனை முறை குனிந்தாள் என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

இனி, தூக்கும் செயலைக் காண்போம். நெம்புகோலைப் பற்றி அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். தாங்குபுள்ளிக்கு அருகில் இருப்பவன், தொலைவில் இருப்பவனைத் தூக்க வேண்டுமானால் மிகுந்த விசை செலுத்துதல் வேண்டும். சிறுவர்கள் ஏறி விளையாடும் பலகையில் இதனைக் கண்டிருப்பீர்கள். நம் இடுப்பும் இத்தகைய ஒரு நெம்புகோலே. கீழ்முதுகின் இடைத்தட்டு அதன் தாங்குபுள்ளி. கையில் உள்ள சுமை ஒரு பக்கம். முதுகுத் தசைகள் மறு பக்கம். அத்தசைகள் தாங்குபுள்ளிக்குப் பின்னால் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே உள்ளன.

15 லிட்டர் நீர் கொள்ளும் குடத்தின் நீர் மட்டும் 15 கிலோ எடை உடையது. அதனை இடைத்தட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னே நீட்டிப் பிடித்துத் தூக்குவதாகக் கொள்வோம். நாற்பது என்பது ஐந்தின் எட்டு மடங்கு. ஆகவே அந்த 15 கிலோவைச் சமன் செய்வதற்கு முதுகுத் தசைகள் 120 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் இழுத்தல் வேண்டும். இவ்விசை முழுவதும் இடைத்தட்டின்மேல் அழுத்துகிறது. இதனோடு முடிந்துவிடவில்லை. குனியும்போது தலையும் தோள்களும் மார்பும் முன்னே சாய்வதால், அவற்றின் பாரத்தையும் அதே தசைகளே இழுத்துப் பிடிக்கின்றன. வெறுங்கையுடன் குனிந்து நின்றாலும் முதுகு களைத்துவிடுவதற்கு இதுவே காரணம். அதே குடத்தை உடலோடு அணைத்து, 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்துத் தூக்கினால் விசை 60 கிலோவாகக் குறைகிறது. குடம் ஒன்றே, நீரும் ஒன்றே, பிடித்த இடம் மாறியதால் பாரம் பாதியாயிற்று.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் என்பவர், தாமாக முன்வந்த மனிதர்களின் இடுப்பு இடைத்தட்டினுள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி, அங்குள்ள அழுத்தத்தை அளந்து பார்த்தார். படுத்திருக்கும்போது அழுத்தம் குறைவாகவும், நிற்கும்போது அதனினும் மிகுதியாகவும், முன்னோக்கிக் குனியும்போது மேலும் மிகுதியாகவும் இருந்தது. குனிந்த நிலையில் கையில் சுமையையும் ஏந்தினால் அது இன்னும் உயர்ந்தது.

இவற்றைக் கேட்டுக் குனிவதற்கே அஞ்சுதல் வேண்டா. குனியவும் நிமிரவும் திரும்பவும் ஏற்ற வகையிலேயே முதுகு அமைந்துள்ளது. இடைத்தட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாய்கள் இல்லை. உடல் அசையும்போதும் ஓயும்போதும் நீர் உள்ளே ஊறி வெளியேறுவதால்தான் அது ஊட்டம் பெறுகிறது. ஆகவே அசைவு முதுகிற்குப் பகையன்று, உணவே ஆகும். தீங்கு விளைவது அளவு மீறும்போதுதான். பாரம் மிகுதல், சுமை உடலைவிட்டு விலகியிருத்தல், இடுப்பைத் திருகித் தூக்குதல், ஓய்வின்றித் திரும்பத் திரும்பக் குனிதல் ஆகிய இவை ஒன்றுசேரும்போது தசைகளும், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்களும் களைத்துத் தளர்கின்றன. தளர்ந்த முதுகிற்கு உறக்கமின்மையும் மனக்கவலையும் புகைப்பழக்கமும் உடற்பருமனும் மேலும் ஊறு செய்கின்றன.

தந்தையின் வினாவிற்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. வலியைத் தந்தது ஆறாவது குடம் மட்டும் அன்று. அதற்கு முன் தூக்கிய ஐந்து குடங்களும், பெருக்கிய வாசலும், நேற்றும் முந்தின நாளும் செய்த வேலைகளும் அதில் சேர்ந்திருந்தன. வண்டியின் அச்சு முறிந்த இடத்தில் கிடக்கும் கல்லை மட்டும் குறை கூறிப் பயன் என்ன?

அவ்வாறாயின் எவ்வாறு தூக்குவது? முதலில், தூக்கத்தான் வேண்டுமா என்று எண்ணுதல் வேண்டும். உருட்டக்கூடியதை உருட்டலாம், பகுக்கக்கூடியதைப் பகுத்துக்கொள்ளலாம். நிறைகுடம் ஒன்றைவிட அரைக்குடம் இரண்டு முதுகிற்கு எளியவை. தூக்கியே ஆகவேண்டுமானால், பொருளின் அருகில் சென்று, கால்களைச் சற்று அகல ஊன்றி, முழங்காலையும் இடுப்பு மூட்டையும் மடக்கித் தாழ்தல் வேண்டும். பொருளை உடலோடு அணைத்துப் பிடித்து, தொடைகளின் வலிமையால் மெல்ல எழுதல் வேண்டும். திரும்ப நேர்ந்தால் இடுப்பைத் திருகாமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புதல் வேண்டும். சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ, இரும்பு உருளையின் எடையும் சேர்ந்தால் அது ஏறக்குறைய இரு மடங்காகும். அதனை ஒருவரே தம் வலிமையைக் காட்டத் தூக்குவதைவிட, இருவர் சேர்ந்து தூக்குவது அறிவுடைமை.

ஆயினும் ஓர் உண்மையை இங்கே மறைத்தல் கூடாது. தூக்கும் முறையைக் கற்பிப்பதால் மட்டும் தொழிலாளரின் முதுகுவலி குறைந்துவிடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. முறை அறிந்தவனும், நாள் முழுவதும் குனிந்தே செய்யவேண்டிய வேலையில் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வான்? அவனுடைய முதுகைத் திருத்துவதைவிட அவன் கையில் உள்ள கருவியைத் திருத்துதலே முதற் கடமை. இதற்கு ஒரு வரலாறு சான்றாக உள்ளது.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் பரந்த காய்கறித் தோட்டங்கள் உள்ளன. அங்கே களையெடுப்பதற்கும் நெருங்கி முளைத்த செடிகளைக் கலைப்பதற்கும், குட்டையான பிடி உடைய ஒரு கொத்து பயன்படுத்தப்பட்டது. மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர் அதனைத் தம் மொழியில் 'குட்டையன்' என்னும் பொருள்பட 'எல் கொர்த்தீத்தோ' என்று அழைத்தனர். அதைக்கொண்டு வேலை செய்பவர் நாள் முழுவதும் இரண்டாக மடிந்து குனிந்தே செல்லுதல் வேண்டும். யாரேனும் நிமிர்ந்தால், அவர் வேலை செய்யாமல் இருப்பது மேற்பார்வையாளருக்குத் தொலைவிலிருந்தே தெரிந்துவிடும். நீண்ட பிடி வைத்தால் பயிர் கெடும் என்று தோட்ட உரிமையாளர்கள் வாதிட்டனர். முதுகு நிலையாகக் கெட்டுப்போவதை மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். தொழிலாளர் வழக்குத் தொடுத்தனர். 1975-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. நீண்ட பிடியுள்ள கொத்து வந்தது. பயிர்கள் கெடவில்லை, மனிதர்கள் நிமிர்ந்தனர்.

ஒரு கழியின் நீளத்தைப் பற்றிய வழக்குத்தானே என்று இதனை எளிதாக எண்ணலாகாது. பல்லாயிரவர் முதுமையில் நிமிர்ந்து நடப்பார்களா, கூனி நடப்பார்களா என்பதே அவ்வழக்கில் அடங்கியிருந்தது.

நம் வயல்களையும் வீடுகளையும் இக்கண் கொண்டு நோக்குவோம். சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்கள் காலைமுதல் குனிந்தபடியே பின்னோக்கி நகர்கின்றனர். களைக்கொத்தின் பிடி குட்டை, துடைப்பமும் குட்டை. நின்றபடி தள்ளிக் களையெடுக்கும் உருளைக் கருவிகளும், நடவு இயந்திரங்களும், நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பங்களும் இன்று கிடைக்கின்றன. இவற்றைச் சோம்பேறிகளின் கருவிகள் என்று இகழ்வோர் உண்டு. அது பிழை. குனிந்து செய்தால்தான் உழைப்பு என்பது எந்த நூலிலும் கண்ட நீதியன்று.

சுமை தூக்குவோரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு மூட்டை சிமெண்டு 50 கிலோ எடை உடையது. நாள் ஒன்றுக்கு எத்தனை மூட்டைகளைத் தொழிலாளர் ஏற்றி இறக்குகின்றனர் என்பதைச் சரக்குந்து நிற்கும் இடங்களில் காணலாம். இத்தகையோரைக் காப்பதற்காக, ஊறு விளைக்கத்தக்க அளவு பெருஞ்சுமையை எவரையும் தூக்கச் செய்தல் கூடாது என்று 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 1967-ஆம் ஆண்டில் உலகத் தொழிலாளர் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கும் மிக உயர்ந்த எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பரிந்துரைத்தது. பெண்களுக்கும் இளையோருக்கும் அதனினும் குறைந்த எடையே தகும் என்றும் அது கூறியது. சுமைக்கு எல்லை வகுப்பது இரக்கச் செயல் அன்று, நீதியாகும்.

இத்துணைக் காப்பும் மீறி வலி வந்துவிட்டால் செய்யத்தக்கது என்ன? முற்காலத்தில் பல நாள்கள் படுத்தே கிடக்கும்படி கூறுவர். இன்றைய மருத்துவம் அதனை மாற்றிக்கொண்டுவிட்டது. முதுகுவலி உற்ற 100 பேருள் ஏறக்குறைய 90 பேருக்கு, இன்ன எலும்பில் அல்லது இன்ன தட்டில் கேடு என்று சுட்டிக்காட்டும்படி எதுவும் இராது. திடீரென்று வரும் வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். வெந்நீர் ஒத்தடம் இதம் தரும். கடுமையான வேலையைத் தவிர்த்து, இயன்ற அளவு எழுந்து நடமாடுவதே விரைவில் குணம் தரும். நெடுநாள் படுக்கையில் கிடந்தால் தசைகள் மேலும் வலிவிழக்கும்.

சிலருக்கு வலி இடுப்போடு நில்லாமல் கால் வழியே இறங்கும். இடைத்தட்டின் நடுப்பகுதி வெளியே பிதுங்கி நரம்பை அழுத்துவதால் இவ்வாறு நேரலாம் என்பதை, 1934-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மருத்துவர்களாகிய மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் விளக்கிக் காட்டினர். இதிலும் பலர் அறுவையின்றியே குணமடைகின்றனர். ஆனால், கால்கள் வலிவிழந்து மரத்துப்போதல், சிறுநீரையும் மலத்தையும் அடக்க இயலாமை அல்லது சிறுநீர் வெளியேறாமை, தொடையிடுக்கில் உணர்வின்மை, வலியுடன் காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், விழுந்து அடிபட்டபின் கடுவலி ஆகிய இவை தோன்றினால் சிறிதும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். அத்தகைய நேரத்தில் சுளுக்கு எடுப்பதாகக் கூறி முதுகை அழுத்தி வளைப்பது பெருந்தீங்காய் முடியும்.

மாணவர்களாகிய உங்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். புத்தகப் பையின் எடை மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்று 2020-ஆம் ஆண்டில் மைய அரசு வகுத்த பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. 40 கிலோ எடையுள்ள மாணவர் 4 கிலோவிற்கு மேல் சுமக்கலாகாது. அன்றைய பாடத்திற்கு வேண்டாத நூல்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, பையை ஒரு தோளில் தொங்கவிடாமல் இரு தோளிலும் மாட்டிக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஓடி ஆடி விளையாடுங்கள், நீந்துங்கள், நெடுந்தூரம் நடங்கள். வலி வராமல் காக்கும் வழிகளுள் உடற்பயிற்சியே சிறந்தது எனக் கண்டுள்ளனர். நெடுநேரம் குனிந்து படிக்க நேர்ந்தால் இடையிடையே எழுந்து உலவுங்கள்.

இவை உங்கள் முதுகைக் காப்பதற்கு. பிறர் முதுகைக் காக்கும் கடமையும் உங்களுக்கு உண்டு. முன்பு கண்ட வீட்டிற்கு மீண்டும் செல்வோம். மூன்று வாரங்கள் சென்றன. தாயின் வலி தணிந்துவிட்டது. அதற்குள் அவ்வீட்டில் சில மாறுதல்கள் நிகழ்ந்துள்ளன. தண்ணீர்க் குடங்கள் இப்போது தரையில் இல்லை. செங்கற்களை அடுக்கி அமைத்த இடுப்பளவு உயரமான மேடையில் இருக்கின்றன. குழாயடியில் பெருங்குடத்திற்கு மாறாகச் சிறு குடங்கள் நிற்கின்றன. வாசலில் ஒரு நீண்ட துடைப்பம் சார்த்தி வைக்கப்பட்டுள்ளது. தந்தை ஒரு குடமும், மகன் ஒரு குடமும், மகள் ஒரு குடமும் கொண்டுவருகின்றனர். இதற்கு ஆன செலவு மிகச் சிறிது. ஆறு குடங்களையும் தூக்கவேண்டியவள் தாய் ஒருத்தியே என்னும் எண்ணத்தை அவ்வீட்டார் விட்டதே அவர்கள் செய்த பெரிய மாறுதல்.

மண்ணை நோக்கிக் குனிவோர் இருப்பதால்தான் நமக்குச் சோறு கிடைக்கிறது. சுமப்போர் இருப்பதால்தான் நம் வீடுகள் எழுகின்றன. அவர்கள் குனிந்த பின் வலியின்றி நிமிர்வதற்கு வழி செய்தல் நம் கடன். இன்று நீங்கள் வீடு திரும்பியதும், உங்கள் வீட்டில் யார் மிகுதியாகக் குனிகின்றனர் என்று சற்றே கவனித்துப் பாருங்கள். பின்பு அவர் கையில் உள்ள குடத்தை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உடலோடு அணைத்து, மெல்ல எழுந்து!